ஞாயிறு, பானட்டுக்கு அடியில்

வண்டி ஆறியிருக்கணும். தரை சமமாக இருக்கணும்.
அங்கேரிப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த சமதளம்
என் குடோன் வாசல் ஒன்றுதான்,
அதுவும் லோடு லாரி வராத ஞாயிறுகளில்.

ஆறே கால் மணி.
முட்டிக்குப் பக்கத்து நெம்பை இழுத்தால் டக்கென்று ஒரு சத்தம்;
பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிள்ளை மாதிரி
வாகன் ஆர் வாயை ஒரு விரல் மட்டும் திறக்கும்.
மிச்சத்தை நாம்தான் திறக்க வைக்கணும்.

ஆயில் குச்சியை உருவினேன்.
முதல் தடவை அது சொல்வதை நம்பக் கூடாது.
ஓடின ஓட்டத்தில் மேலெல்லாம் தெறித்து
எச்சாகவே காட்டும்.
பனியன் துணியில் துடைத்து
(எங்களுக்குத் துணிக்கா பஞ்சம்)
மறுபடி விட்டு, மறுபடி எடுத்து
இரண்டு புள்ளிக்கும் நடுவில் பார்க்கணும்.
கீழ்ப்புள்ளிக்கு மேலே ஒரு நூல்தான் நின்றது.

ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை.
போன வேசகாலம் பெருமாநல்லூர்ப் பாலத்தில்
அவசரப்பட்டுத் திருகினேன்;
மணிக்கட்டில் அது ரசீது போட்டுக் கொடுத்திருக்கிறது.
பக்கத்து டப்பாவில் கோடு வரைக்கும் பச்சைத் தண்ணி,
அது போதும்.

பேட்டரி முனையில் பூத்துக் கிடந்தது.
ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணி, பழைய பல் பிரஷ்.
குனிந்து தேய்க்கும்போதுதான் பார்த்தேன்,
பேட்டரிக்குப் பின்னால் ஒரு மெத்தை.

எலி கட்டின மெத்தை.
துணியெல்லாம் எனக்குத் தெரிந்த துணி:
சாம்பல் மெலாஞ்ச், போன மாசத்து நேவி,
குழந்தை உருப்படிக்கு வெட்டின மஞ்சள்.
நாலு கடலைத் தொப்பி.
நடுவில், வெள்ளை வெளேரென்று, சாட்டின்.

லேபிள்.
எம் சைஸ். பையர் எண்ணிக் கொடுத்து
எண்ணித் திருப்பிக் கேட்கிற லேபிள்.
அறுபது குறைந்தது இந்த வாரம்.
உருப்படியாக நாற்பத்தொன்று இருந்தது,
மிச்சம் கடித்த நார்.

நேற்றுச் சம்பளத்தில்
மினதியிடம் முந்நூற்றி நாற்பது பிடித்தேன்.
எடுக்கவில்லை என்று மூன்று பாஷையில் சொன்னாள்.
ஒடியா புரியவில்லை. இந்தி பாதி.
தமிழில் சொன்னதுதான் எனக்கு ஆத்திரம்.
'எடுக்கலைங்க.'
அழும்போதும் அந்த 'ங்க'வை விடவில்லை.
ஊர்ப் பழக்கத்தை எத்தனை சுருக்காகப் படிச்சுக்கிட்டா,
நல்லாத்தான் நடிக்கறா என்று
டெய்லர்கள் முன்னால் சொன்னேன்.

கூட்டில் குட்டி இல்லை. இன்னும் போடவில்லை போல.
வைப்பர் தண்ணி மோட்டார் ஒயரைச்
சித்தெக் கடித்திருந்தது; டேப் சுற்றினேன்.
ரேடியேட்டர் ஓரம் புகையிலைக் காம்பு கட்டினேன்,
சந்தையில் வாங்கினது, தும்மல் எனக்குத்தான் வந்தது.
அரை லிட்டர் ஆயில் ஊற்றி, இறங்கட்டும் என்று
பம்பரில் சாய்ந்து நின்றேன்.

பிச்சம்பாளையத்தில் லைன் வீடு,
நடந்தே போகிற தூரம்.
எந்த வீடென்று கேட்டு வைத்துக்கொண்டதில்லை.
போய் எந்தப் பாஷையில் ஆரம்பிப்பது?

பர்ஸில் ஐந்நூறு தாள் ஒன்றே ஒன்று.
மீதி நூற்றி அறுபது என்றது மனசு,
கேட்காமலே, கால்குலேட்டர் மாதிரி.
அதையும் ஒரு தடவை
துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

பானட்டைச் சாத்தினேன்.
விரல் இடுக்கெல்லாம் கறுப்பு.
டயருக்குக் காற்று இன்னும் பார்க்கவில்லை.